தாத்தாவின் காமெட்டும் என் ஆறு கியர் கனவும்

வெளியூரிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் வந்த எல்லாருக்கும் பேசின் பிரிட்ஜ் தெரியும். பெட்டி படுக்கையெல்லாம் இறக்கி வச்சு, செருப்பு மாட்டி, கதவுகிட்ட வந்து நின்ன பிறகு ரயில் அசையாம நிக்குமே, அந்த இடம். பாதிப் பேர் அங்கே ஊரைத் திட்டுவாங்க, மீதிப் பேர் போனில் "இதோ வந்துட்டேன்"னு பொய் சொல்லுவாங்க. அடுத்த தடவை அப்படி நிக்கும்போது கொஞ்சம் வெளியே பாருங்க. பெட்டி கழுவுற யார்டு, பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டி தகரக் கூரைகள். அந்த மாதிரி ஒரு கூரைக்குக் கீழேதான் எங்க தாத்தாவோட லாரி பதினாலு வருஷமா நின்னுக்கிட்டு இருந்துச்சு.

1967 மாடல் லேலண்ட் காமெட். தாத்தா 1971இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம் வந்ததும், "இதை நான் அப்கிரேடு பண்றேன்"னு வீட்டில் அறிவிச்சேன். அந்த அறிவிப்பு எப்படி முடிஞ்சதுங்கிறதுதான் இந்தக் கட்டுரை. முன்னாடியே சொல்லிடறேன், நான் போட்ட திட்டத்தில் ஒண்ணுகூட நடக்கல. ஆனா நாலு செமஸ்டரில் புரியாத சில விஷயம் அந்த ஷெட்டில் புரிஞ்சுது.

முதல்ல வண்டியைப் பத்தி. 1948இல் அசோக் மோட்டார்ஸ்ங்கிற பெயரில் தொடங்கின கம்பெனி எண்ணூரில் ஆலை போட்டு, ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோர்த்து விற்றுக்கிட்டு இருந்துச்சு. 1950இல் இங்கிலாந்து லேலண்டோட ஒப்பந்தம். 1951இல் எண்ணூரிலேயே காமெட் லாரிகளைக் கோர்க்க ஆரம்பிச்சாங்க. 1955இல் பெயர் அசோக் லேலண்ட் ஆச்சு. கிட்டத்தட்ட அதே சமயம், 1954இல், ஜாம்ஷெட்பூரில் டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. வட சென்னைக்காரங்களுக்கு மட்டும் அன்னியிலிருந்து இன்னிவரைக்கும் லேலண்ட் "நம்ம வண்டி". பெருமைக்காக மட்டும் சொல்லல, எங்க தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் அந்த ஆலையிலோ, அதுக்குச் சாமான் செஞ்சு கொடுத்த பட்டறையிலோ வேலை பார்த்திருப்பாங்க. காமெட்ன்னா வால்நட்சத்திரம். எங்க காமெட்டுக்கு வால் இருந்துச்சு, கரும்புகை. நட்சத்திரம்தான் இல்ல.

காமெட் 350ன்னு சொல்வாங்க. 350ங்கிறது இன்ஜினோட கொள்ளளவு, கன அங்குலத்தில். நம்ம கணக்கில் சுமார் 5.7 லிட்டர். கியர் பெட்டியில் சிங்க்ரோமெஷ் கிடையாது. கியர் மாத்தணும்னா டபுள் கிளட்ச்: கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தி உள்ளே இருக்கிற ஷாஃப்ட்டோட வேகத்தைச் சமமாக்கி, மறுபடி கிளட்ச் மிதிச்சுக் கியரைப் போடணும். வேகம் பொருந்தலைன்னா கியர் விழாது, பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் வரும். இப்போ வர்ற வண்டிகளில் ஒரு பித்தளை வளையம் செய்யிற வேலையை, அப்போ டிரைவரோட காலும் காதும் செஞ்சுது.

இந்த வண்டிக்கு என் திட்டம் இதுதான். புதுப்பேட்டையில் ஓவர்டிரைவ் இருக்கிற ஆறு கியர் பெட்டி ஒண்ணு பழசா வாங்கணும். பின் ஆக்சிலை வேகமான ரேஷியோவுக்கு மாத்தணும். 9.00-20 நைலான் டயரைத் தூக்கிட்டு 10.00 ஆர்20 ரேடியல் போடணும். அப்புறம் வண்டியை ஹைவேயில் 90இல் விடணும். வீடியோ எடுக்க ஃப்ரெண்டு ஒருத்தனையும் பேசி வச்சிருந்தேன்.

நேரமும் குறைவு. ஷெட் இருந்த இடத்தைத் தை மாசத்துக்குள் காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. காயலான் கடைக்காரர் ரெண்டு தடவை வந்து, வண்டியைச் சுத்தி நடந்து, டயரை உதைச்சுப் பார்த்து, கிலோ கணக்கில் விலை சொல்லிட்டுப் போனார். அப்பாவுக்கு அந்த விலை பிடிச்சிருந்துச்சு. தாத்தா ஒண்ணும் சொல்லல. அவருக்கு எண்பத்தி மூணு வயசு. சொல்றதைக் குறைச்சுக்கிட்டார்.

முதல் நாள் வேலை, பின் ஆக்சிலோட ரேஷியோ கண்டுபிடிக்கிறது. தகடு எதுவும் இல்ல, துரு தின்னுடுச்சு. அதனால் நம்ம வழி: வலது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் வச்சு, சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு முழுச் சுத்து சுத்தினேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்துதுன்னு எண்ணினேன். மூணு சுத்து, கொஞ்சம் மேல.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். இன்ஜின் 2000 ஆர்பிஎம். அதை 3.08ஆல் வகுத்து, டயரோட ஒரு சுத்துக்கு 3.1 மீட்டர்னு பெருக்கினா மணிக்கு 120 கிலோமீட்டர்! தாத்தாவோட லாரி, எந்த அப்கிரேடும் இல்லாம, 120இல் பறக்குது. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, இருந்தாலும் கணக்கு கணக்குதானே.

அங்கே ஒரு மேஸ்திரி இருக்கார். தாத்தா காலத்திலிருந்து லாரி ஹவுசிங் வேலை பார்க்கிறவர். நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஒரு பக்கந்தான தூக்கிக்கீற? இன்னோரு சக்கரம் தரையிலதான கீது? அது சுத்தாத வரைக்கும் இது ரெண்டு மடங்கு சுத்தும். ரெண்டாவது வருஷமே படிச்சிருப்பியே."

படிச்சேன். டிஃப்ரன்ஷியல், பத்து மார்க் கேள்வி, படம் வரைஞ்சு பாகங்களைக் குறி. ரெண்டு சக்கரத்தோட வேகத்தின் சராசரிதான் கிரவுனோட வேகம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ரெட்டிப்பு. அந்தக் கேள்விக்கு எனக்கு ஒன்பது மார்க். கையில் சாக்பீஸோட நின்னப்போ அது ஞாபகம் வரல. ரெண்டு பக்கமும் தூக்கி, ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுத்தினப்போ ஆறு சுத்துக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. அப்புறம் ஹவுசிங்கைத் திறந்து எண்ணிப் பார்த்தோம். கிரவுனில் 37 பல், பினியனில் 6. ரேஷியோ 6.17. அப்படின்னா டாப் கியரில் 2000 ஆர்பிஎம்முக்கு வேகம் 60. பறக்கிற லாரி ஒரே நிமிஷத்தில் தரைக்கு வந்துடுச்சு.

சரி, இதுதான் அப்கிரேடு பண்ணக் காரணம்னு இன்னும் உற்சாகமாயிட்டேன். புதுக் கணக்கு. 36க்கு 7 பல் இருக்கிற செட் போட்டா ரேஷியோ 5.14, வேகம் 72. அதோட 0.8 ஓவர்டிரைவ் சேர்ந்தா 90. பெரிய டயர் சுத்தளவில் மூன்றரை சதவீதம் கூடுதல், அதுக்கு இன்னும் மூணு கிலோமீட்டர். நோட்டில் கட்டம் போட்டு மேஸ்திரிகிட்ட நீட்டினேன்.

அவர் கேட்ட கேள்விகளை வரிசையா தர்றேன். நீங்க எந்தப் பழைய வண்டியில் கை வச்சாலும் இது உதவும்.

ஒண்ணு: "பெட்டி எங்க ஒக்காரும்?" புது கியர் பெட்டியோட முகப்பில் இருக்கிற போல்ட் ஓட்டைகள் பழைய பெல் ஹவுசிங்கோட பொருந்தாது. நடுவில் அடாப்டர் தகடு லேத்தில் கடையணும். அது துளி கோணினாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்னுடும். கிளட்ச் பிளேட்டோட ஸ்ப்ளைன் எண்ணிக்கை வேற. பெட்டி நீளம் கூடுதல், அதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைச்சு, மறுபடி பேலன்ஸ் பண்ணணும். பெட்டி தாங்குற குறுக்குச் சட்டத்தை நகர்த்தணும்.

ரெண்டு: "ஷாஃப்ட்டு தாங்குமா?" இது நான் யோசிக்காத விஷயம். ஓவர்டிரைவில் இன்ஜின் 2000 சுத்தினா புரொப்பல்லர் ஷாஃப்ட் 2500 சுத்தும். ஆக்சில் ரேஷியோவை மட்டும் மாத்தினா ஷாஃப்ட் பழைய வேகத்திலேயே இருக்கும். ரெண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே அளவு வேகத்தைத்தான் கூட்டுது, ஆனா ஒண்ணு ஷாஃப்ட்டைக் கஷ்டப்படுத்துது, இன்னொண்ணு இல்ல. நீளமான ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட வேகத்தை நெருங்கினா கயிறு மாதிரி ஆட ஆரம்பிக்கும். விர்லிங் ஸ்பீடுன்னு லேபில் கம்பி சுத்திப் பார்த்தோமே, அதேதான். லேபில் கம்பி ஆடினா கைதட்டுவோம். லாரிக்கு அடியில் ஆடினா யாரும் கைதட்ட மாட்டாங்க.

மூணு: "கோணம் பாத்தியா?" புரொப்பல்லர் ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலும் இருக்கிற கிராஸ் ஜாயிண்ட், கோணத்தில் சுத்தும்போது ஒவ்வொரு சுத்திலும் ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். முன் ஜாயிண்ட் செய்யிற தப்பைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்டணும்னா கியர் பெட்டியும் பினியனும் ஒரே கோணத்தில் படுத்திருக்கணும். பெட்டியை நம்ம இஷ்டத்துக்குச் சாய்ச்சு வச்சா அந்தச் சரிக்கட்டல் போயிடும். ஹூக்ஸ் ஜாயிண்ட் ஃபார்முலாவை நான் மனப்பாடமா சொன்னேன். மேஸ்திரி ஃபார்முலா சொல்லல. பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் வைக்கிற ஆப்புத் தகடு ஒண்ணை எடுத்துக் காட்டினார். கோணத்தைச் சரி பண்ண அதுதான்.

நாலு: "இன்ஜின் இழுக்குமா?" வேகம் ஒன்றரை மடங்கு ஆனா காத்தைக் கிழிக்கத் தேவையான பவர் மூணு மடங்குக்கு மேல போகும். இருக்கிறது அதே பழைய இன்ஜின். பேப்பரில் 90, ரோட்டில் அது ஆறாவது கியரைப் பார்க்கவே பார்க்காது.

அஞ்சாவதைக் கேக்கும்போது மேஸ்திரி சிரிக்கல. "90ல போறேன்ற. எப்டி நிறுத்துவ?"

60இலிருந்து 90 ஆனா இயக்க ஆற்றல் ரெண்டே கால் மடங்கு. அந்த ஆற்றல் முழுக்க வெப்பமா மாறிப் போக வேண்டிய இடம் அதே பழைய டிரம், அதே பழைய லைனிங். புது ஆக்சில் போட்டா ஏர் பிரேக்கோட வரும், நம்மதோ வாக்குவம் துணையோட ஓடுற ஹைட்ராலிக் பிரேக். ஏர் வேணும்னா இன்ஜினில் கம்ப்ரெசர், சட்டத்தில் டேங்க், வால்வு, பைப்பு, முன் ஆக்சிலுக்கும் அதேன்னு போய்க்கிட்டே இருக்கும். கடைசியில் பழைய லாரியில் புது ஆக்சில் போட்ட மாதிரி இருக்காது, புது லாரியில் பழைய கேபினை வச்ச மாதிரி இருக்கும்.

சட்டத்தையும் பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கும் உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கும் மாறாக வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாச் சொல்லியிருக்கு. சரி, விண்டேஜ்னு பதிவு பண்ணலாமான்னு பார்த்தா, 2021 ஜூலையில் வந்த விதி 50 வருஷத்துக்கு மேலான, சொந்தப் பயன்பாட்டு டூ வீலர், ஃபோர் வீலருக்குன்னு எழுதப்பட்டது. அதுவும் சேசிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் அசல் வடிவில் இருக்கணும். கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். நம்மது ஆறு சக்கரம், சரக்கு வண்டி. அப்பா ஒரே வரியில் முடிச்சார்: "மாத்தினா சட்டம் விடாது. மாத்தலேன்னா ரோடு விடாது. காயலான் கடைக்காரனுக்குப் போன் போடு."

அன்னிக்கு ராத்திரி தாத்தாகிட்ட உக்காந்து புலம்பினேன். "வேற ஒண்ணும் வேணாம் தாத்தா, பின் ஆக்சில் மட்டுமாவது மாத்தியிருக்கலாம். அந்த 37க்கு 6 ரொம்ப ஸ்லோ. கம்பெனிக்காரன் ஏன்தான் இப்படிப் போட்டானோ."

"கம்பெனிக்காரன் போடல. நான் போட்டது" என்றார்.

எழுபத்தி நாலோ அஞ்சோ, மழைக்காலம். ஹார்பரில் இரும்புக் கம்பி ஏத்திக்கிட்டு யானைக்கவுனி பாலம் ஏறியிருக்கார். இப்போ இடிச்சுட்டுப் புதுசா கட்டியிருக்காங்களே, அதுக்கு முன்னாடி இருந்த பழைய பாலம். ரெண்டாவது கியரில் ஏறிக்கிட்டு இருந்த வண்டி பாதி ஏத்தத்தில் மூச்சு வாங்குது. முதல் கியருக்கு இறக்கணும். டபுள் கிளட்ச் போட்டார், கியர் விழல. ஏத்தத்தில் வண்டி ஒரு நொடியில் வேகம் இழந்துடும், ஷாஃப்ட் வேகத்தைப் பொருத்த நேரமே கிடையாது. கியர் நியூட்ரலில், லோடு பின்னாடி இழுக்குது, ஈரமான பிரேக் பிடிக்கல. வண்டி பின்னாடி உருள ஆரம்பிச்சிருச்சு.

கிளீனர் பையன் கட்டையைத் தூக்கிக்கிட்டுக் குதிச்சு ஓடினான். முதல் தடவை வச்ச கட்டை வழுக்கிடுச்சு. ரெண்டாவது தடவை டயருக்கு அடியில் சிக்கி வண்டி நின்னுச்சு. பின்னாடி ஒரு சைக்கிள் ரிக்ஷா, அதில் ஒரு அம்மாவும் ரெண்டு குழந்தைங்களும். நடுவில் இருந்த இடைவெளி ஒரு ஆள் நீளம்கூட இல்ல.

"அந்தப் பையனுக்குப் பதினாறு வயசு. கட்டை இன்னொரு தபா வழுக்கியிருந்தா அவன் கையும் போயிருக்கும். ரிக்ஷாக்காரன் என்னை ஒரு வார்த்தை திட்டல. அதான் எனக்குத் தாங்கல."

அடுத்த வாரம், இருந்த செட்டைக் கழட்டிட்டு 37க்கு 6 போட்டிருக்கார். சக்கரத்துக்குப் போற இழுவை அஞ்சில் ஒரு பங்கு கூடினதால், அதே லோடு ரெண்டாவது கியரிலேயே பாலம் ஏறிடும். ஏத்தத்தில் கியர் மாத்தவே வேண்டாம். பிரேக்கையும் முழுசாப் பிரிச்சு லைனிங் மாத்தியிருக்கார். பதிலுக்கு டாப் ஸ்பீடு போச்சு. பெங்களூர் ட்ரிப்பில் மத்த லாரியெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டு முந்திப் போனதாம். "போவட்டும்னு விட்டேன்."

"முன்னாடி என்ன ரேஷியோ தாத்தா?"

"முப்பத்தாறுக்கு ஏழு."

நான் நோட்டில் கட்டம் போட்டு வச்சிருந்த அதே எண். நான் மாடர்ன்னு நினைச்சது, அவர் பயந்துபோய்க் கழட்டி எறிஞ்சது. வண்டியைப் பழசுன்னு பார்த்துட்டேன், அதில் ஏற்கனவே ஒருத்தர் அப்கிரேடு பண்ணி முடிச்சிருக்கார்னு பார்க்கல. நான் எதை வேகம்னு நினைச்சேனோ, அவர் அதைக் கொடுத்து வேற ஒண்ணு வாங்கியிருந்தார்.

மறுநாள் அப்பாவும் அந்தக் கதையை முதல் முறையா கேட்டார். காயலான் கடைக்குப் போன் போகல. பொன்னேரிக்கிட்ட சொந்தக்காரர் ஒருத்தரோட நிலத்தில் ஓரமா நிறுத்திக்கலாம்னு முடிவாச்சு. எஃப்சி இல்லாததால் ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, ரெக்கவரி வண்டியில் கட்டி இழுக்கணும். அதுக்காவது சக்கரமும் ஹவுசிங்கும் நல்லா இருக்கணும். அதனால் திட்டம் மாறிச்சு: எதையும் மாத்தாம, இருக்கிறதைச் சரி பண்றது.

ஹப் பேரிங்குகள் எல்லாம் புதுசு. ஆயில் சீல் புதுசு. கிரவுன் பினியனைத் தொடல, பல்லில் நீல மையைத் தடவி உரசல் எங்கே படுதுன்னு மட்டும் பார்த்தோம், நல்லாவே இருந்துச்சு. கியர் பெட்டியில் தேஞ்ச பேரிங் ரெண்டு மாத்தினோம். பிரேக் சிலிண்டருக்குப் புது ரப்பர், புது லைனிங். டயர் அதே 9.00-20 தான். டிஸ்க் ரெண்டில் விரிசல், லாக் ரிங் ஒண்ணு துருவில் இளைச்சுப் போயிருந்துச்சு, மூணையும் தூக்கிப் போட்டோம். இதை மட்டும் கவனமாக் கேளுங்க. ரிங் வச்ச டிஸ்க்கில் காத்தடிக்கும்போது ரிங் சரியா உக்காரலைன்னா குண்டு மாதிரி தெறிக்கும். பஞ்சர் கடையில் அதைக் கூண்டுக்குள் வச்சோ, சங்கிலி போட்டுக் கட்டியோதான் காத்தடிக்கணும். பக்கத்தில் குனிஞ்சு செல்ஃபி எடுக்காதீங்க. எடுக்கப் போய்த்தான் நான் மேஸ்திரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இழுத்துக்கிட்டுப் போறதுக்கு முந்தின நாள் தாத்தாவை ஆட்டோவில் கூட்டிக்கிட்டு வந்தோம். ரெண்டு பேர் பிடிச்சு கேபினில் ஏத்தினோம். இன்ஜின் மூணாவது முயற்சியில் பிடிச்சுது. ஷெட் வாசலிலிருந்து காம்பவுண்டு சுவர் வரைக்கும் மொத்தம் நூறு மீட்டர் இருக்கும். முதல் கியரில் எடுத்தார். கிளட்ச், நியூட்ரல், விட்டார், மறுபடி கிளட்ச். ரெண்டாவது கியர் சத்தமே இல்லாம விழுந்துச்சு. அவர் முகத்தைப் பார்க்கத்தான் நான் பக்கத்தில் உக்காந்திருந்தேன், ஆனா அவர் பார்த்துக்கிட்டு இருந்தது சுவரை. பாதி தூரத்திலேயே பிரேக்கை மிதிச்சார். வண்டி நின்னுச்சு. மறுபடி கொஞ்சம் நகர்த்தி மறுபடி மிதிச்சார். மூணு தடவை.

"பிடிக்குது" என்றார். இறங்கிட்டார். அவ்வளவுதான் சோதனை ஓட்டம்.

மறுநாள் இழுக்கிறதுக்கு முன்னாடி மேஸ்திரி புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டி, வண்டி மேலேயே கட்டிட்டார். இன்ஜின் ஓடாம சக்கரம் மட்டும் சுத்தினா, பெட்டிக்குள் ஆயிலை வாரி இறைக்கிற கீழ் ஷாஃப்ட் சுத்தாது, மேல் ஷாஃப்ட் மட்டும் காஞ்சு சுத்தித் தேஞ்சுடும். ரெண்டு மாசம் நான் அளந்து, கணக்குப் போட்டு, கனவு கண்ட ஷாஃப்ட், பொன்னேரி வரைக்கும் சரக்கா ஏறிப் போச்சு.

வீடியோ எடுக்க வந்த ஃப்ரெண்டு, "இதுல அப்கிரேடு எங்கடா?"ன்னு கேட்டான். பிரேக்கைக் காட்டினேன். அவனுக்கு அது பத்தல.

உங்க வீட்டுப் பக்கமும் ஒரு பழைய வண்டி நிக்கலாம். லாரியாத்தான் இருக்கணும்னு இல்ல, அப்பாவோட புல்லட்டாவோ, ஊரில் இருக்கிற டிராக்டராவோ இருக்கலாம். தாராளமா கை வைங்க. ஆனா ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடுங்க: இதைக் கடைசியா மாத்தினது யாரு, எதுக்காக? பதில் சொல்லக்கூடியவங்க இன்னும் நம்மகூட இருக்கும்போதே கேட்டுடுங்க. நான் கேட்டது தற்செயலா, அதுவும் புலம்பும்போது.

அப்புறம், ரெண்டு பக்கமும் ஜாக்கி போடுங்க.